கோரைப்பள்ளம் பட்டணமான கதை

அந்தக் காலத்தில் மருதாற்று நாட்டை வல்லபகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நாடு சின்னது. வடக்கு எல்லையில் ஒருவன் தும்மினால் தெற்கு எல்லையில் இருப்பவன் "நூறாயுசு" என்பான். அந்த நாட்டில் பன்னிரண்டு பட்டணங்கள் இருந்தன. பட்டணம் என்று ராஜமுத்திரை விழுந்த ஊருக்குத்தான் அரண்மனையிலிருந்து வைத்தியரை அனுப்புவார்கள். மற்றதெல்லாம் வெறும் ஊர். அங்கே நோய் வந்தால் நோயாளிதான் வைத்தியரைத் தேடி நடக்க வேண்டும்.

கோரைப்பள்ளம் வெறும் ஊர். அங்கே பிரசவம் பார்ப்பவள் பொன்னுருவி. முந்தின மழைக்காலத்தில், தன் கைக்கு அடங்காத பிரசவம் என்று தெரிந்ததும் ஒரு பெண்ணைப் பரிசலில் ஏற்றி, அக்கரையில் இருந்த மாணிக்கநல்லூர் வைத்தியரிடம் கொண்டுபோனாள். நடு ஆற்றில் தாயும் போனாள், பிள்ளையும் போயிற்று. பரிசலைத் திருப்பு என்று சொல்லப் பொன்னுருவிக்கு வாய் வரவில்லை. தண்ணீர் வடிந்ததும் அவள் நேரே தலைநகருக்கு நடந்தாள்.

"எங்கள் ஊரைப் பட்டணமாக்க வேண்டும், மகாராஜா."

ராஜாவுக்கு அன்று காலையில் பூசணிக்காய்க் கூட்டு நினைத்தபடி அமைந்திருந்தது. "ஆக்கிவிட்டால் போயிற்று" என்றான்.

ராயசம் விருபாட்சி எழுந்தான். ராஜாவின் ஓலைகளை எழுதுவதும் காப்பதும் அவன் வேலை. மாணிக்கநல்லூர்க்காரன். ஊரை விட்டு வந்து இருபது வருஷம் ஆகியிருந்தாலும், ஆற்றின் இரு கரைக்கும் தன் ஊர் ஒன்றே பட்டணம் என்ற மிதப்பு அவனுக்குக் குறையவில்லை.

"பட்டணம் என்றால் அதற்கு லட்சணம் வேண்டும், மகாராஜா. சுற்றி மதில், மதிலில் கதவு போட்ட வாசல், உள்ளே ஆயிரம் வீடு. கோரைப்பள்ளத்தில் மதில் உண்டா என்று கேளுங்கள்."

"வேலி உண்டு" என்றாள் பொன்னுருவி. "ஆடு தாண்டிவிடும்."

சபை அவளைப் பார்த்துச் சிரித்தது. சபை எந்தப் பக்கம் சிரிக்கிறதோ அந்தப் பக்கம் சாய்வது ராஜாவின் குணம். "ராயசம் சொல்வதுதான் சரி. லட்சணம் இல்லாமல் முத்திரை இல்லை."

பொன்னுருவி இடத்தை விட்டு நகரவில்லை.

"கட்டிக்கொள்கிறோம், மகாராஜா. ஆனால் நாங்கள் மதில் கட்டிப் பழகாதவர்கள். மாதிரிக்கு ஒரு பட்டணத்தை அளந்து பார்த்துக்கொள்கிறோம்."

"நியாயம்தான். எந்தப் பட்டணம் அதற்குத் தோது?"

விருபாட்சி நெஞ்சை நிமிர்த்தினான். "மாணிக்கநல்லூர். பன்னிரண்டில் அதுதான் மூத்தது."

அந்தப் பெயரை அவன் வாயால் சொல்லட்டும் என்றுதான் அவள் காத்திருந்தாள். அளவுக்கயிற்றோடு இரண்டு சேவகர்களை ராஜா அவளுடன் அனுப்பினான்.

எட்டாம் நாள் திரும்பி வந்தார்கள். மூத்த சேவகன் கைகட்டி நின்றான்.

"மதில் எத்தனை முழம்?" என்று கேட்டான் ராஜா.

"தேடினோம், மகாராஜா. ஏதோ ஒரு வெள்ளத்தில் சரிந்துவிட்டதாம். கல்லெல்லாம் ராயசத்தின் அண்ணன் மாட்டுத்தொழுவத்தில் இருக்கிறது. தொழுவம் இருபத்திரண்டு முழம். நல்ல கட்டுமானம்."

"வாசல்?"

"கதவும் தொழுவத்தில்தான். மாடுகள் அதன் வழியாகப் போய்வருகின்றன."

"வீடு?"

"நூற்றெண்பத்து நான்கு. பூட்டிக் கிடக்கும் ராயசத்தின் வீட்டையும் சேர்த்து."

ராஜாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சபையில் யாரும் சிரிக்கவில்லை.

"அப்படியானால் அது பட்டணமே இல்லை. ராயசம், ஓலையை எடு. மாணிக்கநல்லூர் பெயரை அடி."

விருபாட்சி எழுத்தாணியைக் கீழே வைத்தான். பொன்னுருவியும் இதைக் கேட்டு வரவில்லை.

"வேண்டாம் மகாராஜா. பெயரை அடித்தால் வைத்தியரைத் திருப்பி அழைத்துக்கொள்வீர்கள். அந்த ஊரிலும் பெண்கள் பிள்ளை பெறுகிறார்கள்."

"பின்னே எதை வைத்து அதைப் பட்டணம் என்பது?"

விருபாட்சி முந்திக்கொண்டான். "ராஜவாக்கை வைத்து, மகாராஜா! தங்கள் பாட்டனார் ஒரு மத்தியானம் அங்கே நன்றாகத் தூங்கி எழுந்து, 'இது பட்டணம்' என்றார். அன்றிலிருந்து பட்டணம். மதில் பிறகு கட்டியதுதான். மதில் வரும், போகும். ஓர் ஊரைப் பட்டணமாக்குவது ராஜா சொல்லும் ஒரு சொல். வேறொன்றும் இல்லை."

"இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் எனக்கு எட்டு நாள் நடை மிச்சமாகியிருக்கும், ஐயா" என்றாள் பொன்னுருவி.

ராஜா இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்தது. இந்த முறை அவன் சிரித்த பிறகுதான் சபை சிரித்தது.

"நல்ல வாதம், ராயசம். கோரைப்பள்ளம் பட்டணம். நான் சொல்லிவிட்டேன், நீ எழுது. எழுதியதை ஆற்றின் இரு கரையிலும் நீயே நின்று வாசி. தொழுவத்தின் அளவையும் விடாமல் வாசி." பொன்னுருவி பக்கம் திரும்பினான். "உனக்கு என்ன வேண்டும், கேள்."

"வைத்தியர் நாளைக்கே புறப்பட்டால் போதும், மகாராஜா."

"என் பல்லக்கிலேயே போகட்டும்."

பல்லக்கு கோரைப்பள்ளத்து எல்லைச் சேற்றில் புதைந்து நின்றது. முன்னாலேயே ஊர் திரும்பியிருந்த பொன்னுருவி எதிரே ஓடிவந்தாள். வைத்தியர் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். நாற்பது கூரை, ஒரு குளம், குளத்தில் எருமை.

"பட்டணம் எங்கே, அம்மா?"

"இதுதான். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், ஐயா. மூன்றாவது வீடு. வலி எடுத்து ஒரு ஜாமம் ஆகிறது, பிள்ளை குறுக்கே கிடக்கிறது."

அவர் இறங்கி, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அவள் பின்னால் ஓடினார். பொழுது சாய்வதற்குள் பதின்மூன்றாம் பட்டணத்தின் முதல் குடி பிறந்தது. பெண் குழந்தை. தாய் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள்.