விரியன் கிடந்த நெற்கட்டு

ராஜாக்கள் யானைமேல் ஊர்வலம் போன காலத்துக் கதை இது. ராஜா இதில் வரமாட்டார், தேட வேண்டாம்.

ஆற்றங்கரையில் மருதங்குடி என்று ஓர் ஊர். அங்கே ஒரு வழக்கம். பாம்பு கடித்தால், கடிபட்டவர் தன் காலாலேயே மந்திரக்காரர் வீட்டுக்கு நடக்க வேண்டும். தூக்கிக்கொண்டு போனால் மந்திரம் பலிக்காதாம்.

சாரைப்பாம்பு கடித்தவன் நடந்தான், பிழைத்தான். தண்ணீர்ப்பாம்பு கடித்தவன் நடந்தான், பிழைத்தான். நல்ல பாம்பு கடித்த காத்தாயியின் புருஷனும் நடந்தான். மந்திரக்காரர் வாசலிலேயே விழுந்து செத்தான்.

"அவனுக்கு நம்பிக்கை போதாது" என்றார் மந்திரக்காரர் சடையப்பர். ஊரே தலையாட்டியது. காத்தாயி ஆட்டவில்லை.

அடுத்த அறுப்பு வந்தது. களத்தில் காத்தாயியின் தங்கை செவந்தி ஒரு நெற்கட்டைத் தூக்கினாள். அடியில் கிடந்த கண்ணாடி விரியன் விரலில் கடித்தது. அலறிக்கொண்டு கட்டை அதன் மேலேயே போட்டாள்.

நெல் வாங்க வந்திருந்த சடையப்பர், "எழுந்து நட, புள்ள" என்றார்.

"நடக்க மாட்டா" என்றாள் காத்தாயி. "செவந்தி, அசையாம படு. கட்டில் கொண்டாங்கய்யா! அக்கரை வைத்தியர்கிட்ட தூக்கிட்டுப் போகணும்."

ஒருத்தரும் நகரவில்லை. செவந்தியின் விரல் வீங்கிக்கொண்டிருந்தது.

"வழக்கத்தை மீறினா ஊருக்கே ஆகாது!" என்று சடையப்பர் குறுக்கே நின்றார்.

"சரி. பாம்பு அந்தக் கட்டுக்கடியிலதான் கிடக்கு. நீங்க தூக்குங்க. கடிச்சா மந்திரம் சொல்லிக்கிட்டே வீட்டுக்கு நடங்க. அப்புறம் என் தங்கச்சி நடப்பா."

சடையப்பர் ஓரடி வைத்தார். துருத்தி ஊதுவதுபோல உள்ளே சீறியது. நின்றார். மறுபடி சீறியது. வேர்த்தார். மூன்றாம் முறை சீறியபோது மாட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"இன்னிக்கு அமாவாசை. தொடக் கூடாது."

"மாமா, நேத்துதான பௌர்ணமி!" என்றான் ஒருவன். களமே சிரித்தது. அடுத்த நொடி நாலு பேர் கட்டிலுக்கு ஓடினார்கள்.

படகில் ஏற்றினார்கள். வைத்தியர் ராவும் பகலும் போராடினார். செவந்திக்கு விரல் போனது, உயிர் தங்கியது.

அதற்கப்புறம் மருதங்குடியில் நீளக் கம்பால் தட்டிப் பார்க்காமல் எவரும் கட்டைத் தொட்டதில்லை. முதலில் தட்டுகிறவர் சடையப்பர்.

விஷம் யாருடைய நம்பிக்கையையும் பார்க்காது. பாம்பு கடித்தால் ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் போ.