ரசிக சிகாமணி புதைத்து வைத்த கள்

குறுமலை நாட்டை வில்லவராயன் ஆண்ட காலத்தில் அங்கே வெயிலுக்கும் குறைவில்லை, வெயிலைச் சாக்கிட்டு விருந்து வைப்பவர்களுக்கும் குறைவில்லை. எல்லாவற்றிலும் பெரிய விருந்து அரசருடையது. வேனில் விழா என்று அதற்குப் பெயர். அந்தப் பந்தலுக்கு என்னென்ன மது வரவேண்டும் என்று தேர்ந்தெடுப்பவள் தத்தை. அவையில் அதிகம் பேச மாட்டாள். பேசாத நேரத்தில் எல்லோருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டிருப்பாள். யாருக்கு எது ஒத்துக்கொள்ளும், யாருக்கு எத்தனையாவது கோப்பையில் நாக்கு குழறும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அந்த வருஷம் வினை அம்பலவாணர் உருவில் வந்தது. அரசியின் ஒன்றுவிட்ட அண்ணன் என்பதைத் தவிர அவருக்கு வேறு தகுதி கிடையாது. எப்போதோ துறைமுகத்தில் ஒரு கப்பல் தலைவனோடு அரை நாள் உட்கார்ந்து குடித்துவிட்டு வந்தார். வந்ததும் தனக்குத்தானே 'ரசிக சிகாமணி' என்று பட்டம் சூட்டிக்கொண்டார். அன்றிலிருந்து தண்ணீரைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டுதான் குடிப்பார். கப்பல் தலைவன் சொன்னதில் ஒன்றே ஒன்றுதான் அவர் மண்டையில் தங்கியிருந்தது. மது பழையதாக ஆக ஆக உயரும்!

"அரசே, மருதூர் அரசர் தம் மகனுக்குப் பெண் கேட்டு நம் விழாவுக்கு வருகிறார். அவருக்குப் போய் நேற்றுப் பிறந்த மதுவையா கொடுப்பது? ஒரு வருஷமாவது மூடி வைத்திருக்க வேண்டாமா?" என்றார் அம்பலவாணர்.

"வேண்டும், வேண்டும்" என்றார் அரசர். கோப்பைக்கு இந்தப் பக்கம் நடப்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

தத்தை மெதுவாகச் சொன்னாள். "திராட்சை மது, தேன் மது, நாவல்பழ மது மூன்றும் வயதானவைதான் அரசே. ஆனால் மருதூரார் இந்த வெயிலில் வந்து இறங்கியதும் பனங்கள்ளைத்தான் கேட்பார். அது வந்து..."

"அதையும் பழையதாகக் கொடு, பெண்ணே!" அம்பலவாணர் குறுக்கே விழுந்தார். "போன கோடையிலேயே ஆறு பானைக் கள் வாங்கி, மெழுகு வைத்து அடைத்து, மணலில் புதைத்து வைத்திருக்கிறேன். இதெல்லாம் உனக்கு எங்கே தெரியப் போகிறது?"

தத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கள்ளைப் புதைத்து வைத்த மனிதரை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"கேட்டுக்கொள் தத்தை" என்றார் அரசர். "பனங்கள்ளும் வேண்டும். எதற்கும் ஒரு வருஷத்துக்குக் குறைந்து வயது இருக்கக் கூடாது. விருந்தாளி முகம் சுளித்தால் நீ இந்த ஊரில் இருக்க வேண்டாம். என் சொல்லை மீறினாலும் அதே கதிதான்."

அம்பலவாணர் புன்னகைத்தார். தத்தை காலி செய்யப் போகும் வீட்டு மாடியில் எந்தப் பக்கம் கட்டில் போட்டால் காற்று வரும் என்று அப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

விழா நாள் வந்தது. மருதூர் அரசர் வியர்த்து விறுவிறுத்துப் பந்தலில் உட்கார்ந்தார்.

"பெண் பேசுவதெல்லாம் அப்புறம். பனங்கள் எங்கே?" என்றார்.

தத்தை மெழுகிட்ட பானை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். "அரசே, தேர்ந்தெடுத்தவர்தான் முதல் மிடறு குடிக்க வேண்டும் என்பது நம் பந்தல் வழக்கம். மற்ற மூன்றையும் நான் குடித்துவிட்டேன். இது நம் சிகாமணி தேர்ந்தெடுத்தது."

அம்பலவாணர் மிடுக்காக வந்தார். வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தார். மூடிய கண் திறக்கவில்லை. கன்னம் இரண்டும் உள்ளே போயின. காது மட்டும் ஆடியது.

"எப்படி ஐயா இருக்கிறது?" என்று கேட்டாள் தத்தை.

"ஆ...ஆஹா! என்ன முதிர்ச்சி!"

"கண்ணில் நீர் வருகிறதே?"

"ஆனந்தம் அம்மா, ஆனந்தம்."

"அப்படியானால் இன்னொரு கோப்பை?"

"ஐயையோ... போதும். உண்மையான ரசிகன் அளவோடு நிறுத்துவான்."

தத்தை ஒரு கிண்ணத்தில் அந்தக் கள்ளை ஊற்றினாள். நறுக்கிய வெங்காயமும் இஞ்சியும் உப்பும் அதில் போட்டு, சுட்ட கறியோடு மருதூர் அரசர் முன் வைத்தாள். "இதைக் குடிக்க வேண்டாம் அரசே. தொட்டுக்கொள்ளுங்கள்."

மருதூரார் தொட்டு ஒரு துண்டு தின்றார். நாக்கைச் சப்புக் கொட்டினார். "அடடா, முதல் தரமான காடி! இவ்வளவு புளிப்பாக எங்கள் சமையற்கட்டில்கூட அமைவதில்லை. யார் போட்டது?"

பந்தலே அம்பலவாணரைத் திரும்பிப் பார்த்தது.

"சரி, தொட்டுக்கொள்ள ஆயிற்று. குடிக்க?" என்றார் மருதூரார்.

தத்தை கை காட்ட, நுரை பொங்கும் கலயம் ஒன்று வந்தது. மருதூரார் ஒரு கோப்பையை ஒரே மூச்சில் குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு கோப்பையை மறுபடி நீட்டினார்.

அம்பலவாணருக்கு அப்போதுதான் குரல் திரும்பி வந்தது. "மோசம் அரசே, மோசம்! நுரையைப் பாருங்கள்! இது இன்று காலையில் இறக்கிய கள். உங்கள் ஆணையைக் காலில் போட்டு மிதித்துவிட்டாள்!"

வில்லவராயனின் புருவம் ஏறியது. "உண்மையா தத்தை?"

"இன்று காலையில் திறந்தது உண்மைதான் அரசே. ஆனால் நம் தோட்டத்துப் பனை உங்கள் தாத்தா காலத்தது. அத்தனை வருஷமும் இந்தக் கள் அதற்குள்தான் அடைபட்டுக் கிடந்தது. சிகாமணி மெழுகு போட்டு மூடினார். பனை தன் பட்டையால் மூடியது. யாருக்கு மூடத் தெரிந்திருக்கிறது என்று விருந்தாளியையே கேளுங்கள்."

விருந்தாளி மூன்றாம் முறையாகக் கோப்பையை நீட்டினார்.

அரசர் தொடையில் தட்டினார். "அப்படியானால் ஊரை விட்டுப் போகவேண்டியவர் அம்பலவாணர்தான்!"

அம்பலவாணர் மறுத்துப் பேச வாயைத் திறந்தார். புளித்த ஏப்பம் ஒன்றுதான் வந்தது.

"வேண்டாம் அரசே" என்றாள் தத்தை. "பக்கத்து ஊர்க்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள்? இவர் வாயை மட்டும் ஒரு வருஷம் மெழுகு வைத்து மூடச் சொல்லுங்கள். பழையதானால் பேச்சிலாவது கொஞ்சம் ருசி வருகிறதா பார்ப்போம்!"

வில்லவராயன் சிரித்த சிரிப்பில் கழுத்து முத்துமாலை அறுந்து விழும்போல் குலுங்கியது. அறுவதற்குள் அதைக் கழற்றித் தத்தையிடம் கொடுத்துவிட்டார்.