கேமராவை வைக்க ஓர் இடம்

"கடலுக்குள்ளே படம் எடுக்கணும், டீச்சர். எந்தக் கேமரா வாங்கட்டும்?"

வந்ததும் வராததுமாகத் திருமலைக்கொழுந்து கேட்ட முதல் கேள்வி இதுதான்.

அவர் பாளையங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருப்பவர். அந்த ஊரில் பாதிப் பேருக்குத் தாலி கட்டும் படம் எடுத்துக் கொடுத்தவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. நீச்சல் தெரியும். அதற்கு மேல் கடலைப் பற்றி ஒரு எழவும் தெரியாது.

டீச்சர் என்று அவர் கூப்பிட்டது ஜெசிந்தாவை. இவருடைய மூத்த மகள் வயதுதான் அவளுக்கு இருக்கும். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரையில், முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலடிக்குப் போய்வரக் கற்றுக்கொடுக்கிறவள். வயதைப் பார்த்து யாரும் ஏமாந்துவிட வேண்டாம். தண்ணீருக்குள் அவள் வைத்ததுதான் சட்டம்.

"கையைக் காட்டுங்க, அண்ணாச்சி" என்றாள்.

இரண்டையும் நீட்டினார்.

"வெறுங்கையாத்தானே இருக்கு. இப்படியே இறங்குங்க."

மனிதருக்குச் சுருக்கென்றது. கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. ஆனாலும் இறங்கினார்.

காதுவலியோடு இறங்கினார். உப்புத் தண்ணீர் குடித்து, வாந்தியெடுத்து, மறுபடியும் இறங்கினார். மிதக்கவும் செய்யாமல் முங்கவும் செய்யாமல் ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்கப் படித்துக்கொண்டார். பிடிவாதத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

இவ்வளவு பாடு எதற்கு என்று ஒருநாள் ஜெசிந்தாவே கேட்டாள்.

"இத்தனை வருஷமா நான் எடுத்ததெல்லாம் அடுத்தவங்க கேட்ட படம், டீச்சர். நானா ஆசைப்பட்டு எடுத்ததுன்னு ஒண்ணுகூட இல்ல. வெளிப்பாரை எடுக்கணும். அது வெளுத்துப் போறதுக்குள்ள எடுக்கணும்."

வெளிப்பார் என்பது கரைக்கு வெகுதூரத்தில் கடலுக்கடியில் கிடக்கும் பவளத் திட்டு. கடல் சூடேற ஏற அங்கே பவளம் வெளுத்துக்கொண்டே வந்தது. அடுத்த வருஷம் நிறம் மிஞ்சுமா என்பதே சந்தேகம். காற்று திரும்பித் தண்ணீர் கலங்குவதற்கு முன்னால் அங்கே கடைசியாக ஒரு படகு போகும். அதில் இவரைக் கேமராவோடு இறக்குவதா வேண்டாமா என்பது ஜெசிந்தாவின் முடிவு.

அவருக்குப் பொறுக்கவில்லை. அவளிடம் சொல்லாமலே போய் வாங்கிவிட்டார். ஸ்டுடியோவின் ட்ரோனை விற்று வாங்கிய கேமரா அது. தண்ணீர் புகாத பெட்டி, முன்னால் குண்டுக் கண்ணாடி, இரண்டு பக்கமும் நண்டுக்கால் மாதிரி நீளும் கம்பிகள், அவற்றின் நுனியில் விளக்குகள். இரண்டு கையாலும் பிடித்தால்தான் நிற்கும். பெட்டியின் ரப்பர் வளையத்துக்கு அவர் கிரீஸ் தடவுகிற பக்குவத்தைப் பார்த்தால், பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிற தாய்கூடத் தோற்றுப்போவாள்.

ஜெசிந்தா அதைச் சுற்றி வந்து பார்த்தாள். நல்ல கேமரா என்றுதான் சொன்னாள்.

கரையோரப் பாறையடியில் இறங்கினார்கள். அவர் ஒரு நண்டைக் குறிபார்த்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தா எதிரே வந்து, தன் கழுத்தை அறுப்பதுபோலக் கையைக் குறுக்கே இழுத்தாள்.

தண்ணீருக்குள் அதற்கு ஒரே அர்த்தம்தான். என்னிடம் காற்று இல்லை. கூட வந்தவர் அந்த நொடியே, தன் நெஞ்சில் தொங்கும் மஞ்சள் குழாயை எடுத்துக் காற்றில்லாதவர் வாயில் கொடுக்க வேண்டும். ஒவ்வொருவரிடமும் அப்படி ஒரு உபரிக் குழாய் உண்டு.

திருமலைக்கொழுந்து இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். கொஞ்சம் தள்ளி நல்ல மணலாகக் கிடந்தது. கேமராவை அங்கே கொண்டுபோய், விளக்கு மடங்காமல் படுக்கவைத்துவிட்டுத் திரும்பினார். ஜெசிந்தா தன் காற்றையே இழுத்துக்கொண்டு கைகட்டி நின்றாள்.

மேலே வந்ததும் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"காத்து இல்லன்னு சொன்னேன், அண்ணாச்சி. நீங்க கேமராவ வைக்க இடம் தேடுனீங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அன்றைக்குச் சோறும் இறங்கவில்லை.

வேறு ஆளாக இருந்தால் மூட்டையைக் கட்டியிருப்பார். இவர் யோசித்தார். குற்றம் கேமராவின் பருமனில்தான் இருக்கிறது என்று முடிவுகட்டி, உள்ளங்கையில் அடங்குகிற ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார்.

மறுபடியும் இறங்கினார்கள். மறுபடியும் அவள் கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தாள்.

இந்தத் தடவை அவர் இடம் தேடவில்லை. ஒரு கையால் மஞ்சள் குழாயைத் தடவினார். அது வாரில் சிக்கிக்கொண்டது. இன்னொரு கை உதவிக்கு வரவில்லை, கேமராவை இறுக்கி மூடியபடி இருந்தது. ஜெசிந்தா அவருடைய விரல்களைத் தண்ணீருக்குள்ளேயே ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

"கேமரா சின்னதாத்தான் இருக்கு. பிடிதான் பெரிசா இருக்கு" என்றாள் மேலே வந்து.

"ஒரு கயித்தப் போட்டுக் கட்டிக்கிட்டா? விட்டாலும் போகாதே."

"தாராளமாக் கட்டலாம். கயித்துக்கு ரெண்டு முனை உண்டு, அண்ணாச்சி. ஒரு முனையில நீங்கல்லா இருப்பீங்க."

திருமலைக்கொழுந்து வீட்டுக்குப் போனார். மனைவி சிவகாமியிடம் ஒரு வேலை ஒப்படைத்தார். நான் கையில் எது வைத்திருந்தாலும் சரி, நீ நினைத்த நேரத்தில் உன் கழுத்துக்குக் குறுக்கே கையை இழு. நான் அதைக் கீழே விட்டாக வேண்டும்.

சிவகாமி சிரித்தாலும் செய்தாள். முதலில் செய்தித்தாள் விழுந்தது. பிறகு தேங்காய் விழுந்தது. காபி டம்ளர் விழுந்தது. சாவிக்கொத்தும், ஒருநாள் முழு இட்லித் தட்டும் விழுந்தன. கடலுக்குப் போகிறதற்குள் வீட்டைக் காலி பண்ணிவிடாதீர்கள் என்று அவள் வைதாள். வைதுகொண்டே மறுபடியும் கையை இழுத்தாள். கையில் இருந்த சட்னிக் கிண்ணமும் போயிற்று.

படகு புறப்படும் நாள் நெருங்கியது. வீட்டில் விழுந்த சாமான்களின் கணக்கைக் கேட்டு, கேமராவோடு இறங்க ஜெசிந்தாவும் சம்மதித்திருந்தாள்.

ரெண்டில் எதைக் கொண்டுவரட்டும் என்று ஜெசிந்தாவிடம் கேட்டார்.

"எது மேல ஆசை?"

"பொய் சொல்ல மாட்டேன். பெரிசு மேலதான்."

"அப்ப அதையே கொண்டுவாங்க."

வெளிப்பாரில் தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. பாதிப் பவளம் வெளுத்து எலும்பாகத் தெரிந்தது. மீதிப் பாதியில் விளக்கைப் போட்டதும் சிவப்பும் ஊதாவும் மஞ்சளும் எழும்பின. மனிதருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஒரு பவளப் பொந்தின் வாயில் இரண்டு கணவாய் மீன்கள். ஒன்று முட்டையை உள்ளே ஒட்டவைக்க, மற்றது காவல் நின்றது. அதன் மேலெல்லாம் நிறம் நிறமாக ஓடியது. திருமலைக்கொழுந்து அந்தரத்தில் அசையாமல் நின்றார். தண்ணீரில் மிதக்கும் தூசி மினுங்கிப் படத்தைக் கெடுத்துவிடாதபடி விளக்குக் கம்பிகளை அகலத் திறந்தார். காத்திருந்தார். காவல் நின்ற கணவாய் நேராக அவரைப் பார்த்துத் திரும்பியது. விரல் பித்தானுக்குப் போயிற்று.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள்.

ஜெசிந்தாதான். கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தாள்.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவி, பரீட்சை வைக்க நேரம் பார்த்தாளே என்று நினைத்தார். நடிப்புதானே, அவளிடம் காற்று இருக்கிறது, ஒரு நொடி பொறுத்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது என்றும் நினைத்தார். எதிரே கணவாய் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு அமுக்கு. வாழ்நாள் ஆசை தீர்ந்துபோகும். விட்டாலோ காலடியில் அடிகாணாத இருட்டுப் பள்ளம். விழுந்த சாமான் திரும்பி வராது.

அவர் இரண்டு கையையும் விரித்தார்.

கேமரா விளக்கு எரிய எரியப் பள்ளத்துக்குள் புரண்டு போனது. அவர் அதைப் பார்க்கவில்லை. மஞ்சள் குழாய் அதற்குள் அவள் வாயில் இருந்தது. ஜெசிந்தா அவருடைய நெஞ்சு வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முகத்துக்கு முகம் பார்த்தபடி மெல்ல மெல்ல மேலே வந்தார்கள். இவ்வளவு இறுக்கிப் பிடித்தா நடிக்க வேண்டும் என்று வழியெல்லாம் அவருக்குக் கோபம்.

படகில் ஏறி உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. கேமரா போயிற்று, படமும் போயிற்று. அழுதுகொண்டே கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"பரீட்சையில பாஸா, டீச்சர்?"

 ஜெசிந்தா முதுகிலிருந்து சிலிண்டரைக் கழற்றி அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். காற்று வரும் குழாய் கழுத்தோரத்தில் வெடித்துக் கிழிந்து கிடந்தது. அளவுமானியின் முள் பூச்சியத்தில் படுத்திருந்தது.

"எந்தப் பரீட்சை, அண்ணாச்சி?" என்றாள்.