மடியில கனம்

ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தாரு. ஊருக்குப் பேரு கேக்காதீங்க, அந்த ஊர்க்காரங்க சண்டைக்கு வந்துருவாங்க. ராசாவுக்குத் தொந்தி பெருசு, நல்ல நாள் பெரிய நாளுக்குத்தான் குளிப்பாரு. வெத்தலைன்னா உசுரு. ஒருநாள் அவரோட தங்கச் சுண்ணாம்பு டப்பியக் காணோம். தலையாரி வீரணனக் கூப்புட்டு, எந்த வீடுன்னு பாக்காத, எல்லாத்தையும் பொரட்டிப் பாருன்னுட்டாரு.

வீரணனுக்குச் சொல்லணுமா? மொத வீட்டுல கேக்காமக் கொள்ளாமப் பூந்து, முறுக்குப் பானைக்குள்ள கைய விட்டுத் தின்னுக்கிட்டே தேடுனான். டப்பி முறுக்குக்குள்ளயா இருக்கும்? ஏன்யான்னு கேட்டதுக்கு, "மடியில கனமில்லேன்னா வழியில என்ன பயம்?"னு ஒரு சொலவடை. ரெண்டாவது வீட்டுல புதுப்பொண்ணோட பெட்டியத் தெறந்து சீலையெல்லாம் தெருவுல விரிச்சுட்டான். அந்தப் புள்ள அழுதுச்சு. அதுக்கும் அதே சொலவடை.

மூணாவது மாடத்தி வீடு. தனிக்கட்டை. செவலைக் கோழி ஒண்ணுதான் அவளுக்குச் சொத்து, அது கூடைக்குள்ள அடை படுத்திருக்குது. குஞ்சு பொரிச்சாத்தான் மழைக்காலத்துக்கு அவளுக்குக் கஞ்சி. "அண்ணே, கோழிய எழுப்பாதீங்க, முட்டை சூடு போயிரும்"னு கையெடுத்துக் கும்புட்டா. அவன் அதே சொலவடையச் சொல்லிக் கோழியத் தூக்கி வீசிட்டான். கோழி கூரையில ஏறுனதுதான், அடைக்கே திரும்பல. நாலு நாள் கழிச்சு முட்டைய ஆட்டிப் பாத்தா களக்குபுளக்குங்குது. அத்தனையும் கூமுட்டை. பாவம், ஒக்காந்து அழுதா.

அழுது முடிச்சுட்டுக் கூடையோட அரமணைக்குப் போனா. போயி நடந்ததச் சொல்லி, ராசா முன்னால ஒரு முட்டைய ஒடச்சா. சபையே மூக்கப் பொத்திக்கிச்சு. டப்பி கெடைக்கிற வரைக்கும் அப்படித்தான்னாரு ராசா.

"ஊரு பூராத் தேடியாச்சு. பாக்காத எடம் உங்க மடி ஒண்ணுதான் ராசா"ன்னா மாடத்தி.

வீரணன் குதிச்சான், ராசா மடியவா அவுக்கச் சொல்றேன்னு.

"மடியில கனமில்லேன்னா வழியில என்ன பயம்ணே?"

ராசா வெக்கத்தோட இடுப்பு மடிய அவுத்தாரு. ணங்குன்னு விழுந்துச்சு டப்பி. தொந்திக்குக் கீழ இத்தன நாளும் அங்கதான் கெடந்திருக்குது.

ராசாவுக்கு மொகம் செத்துப்போச்சு. "என் மடியத் தொட இத்தன யோசனை. அவ கூடையத் தொட ஒருத்தனும் யோசிக்கலியேடா"ன்னாரு. இனிமே யாரு வீடு, என்ன பொருள், எதுக்குச் சந்தேகம்னு சபையில சொல்லி உத்தரவு வாங்காம ஒருத்தன் வாசப்படி தாண்டக்கூடாதுன்னுட்டாரு. அரமணைக் கோழி முட்டையா எடுத்து வீரணன் மடியில கட்டி, ஒண்ணு ஒடையாம மாடத்தி வீட்டுல சேத்துட்டு வாடான்னு அனுப்புனாரு.

போறான். நாய் கொலைக்குது. மாடு முட்ட வருது. பயலுக குறுக்க ஓடுறானுக. மடியில கனம், வழி பூரா பயம். வேர்த்து விறுவிறுத்து மாடத்தி வாசல்ல வந்து நின்னு, "உள்ள வரலாமா தாயி?"ங்கறான்.

"நில்லுங்கண்ணே, கோழியக் கேட்டுச் சொல்றேன்"னா மாடத்தி.

கோழி இன்னும் கூரையிலதான் இருக்குது, அவன் இன்னும் வாசல்லதான் நிக்கிறான். அது எறங்கட்டும், நீங்க தூங்குங்க.