அல்லிக்குளத்து முள்வேலி

அல்லிக்குளத்தில் நெடுவாலன் என்றோர் இலைக்கோழி வாழ்ந்தான். மிதக்கும் அல்லி இலைதான் அவனுக்கு வீடு. இலைக்கோழிகளில் அடைகாப்பது அப்பாவின் வேலை. நெடுவாலனும் நாலு முட்டைகளை இறக்கைக்குள் அணைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

ஒரு நாள் எருமைக் கூட்டம் தண்ணீரில் இறங்கியது. முன்னால் வந்தவள் தலைவி காரி. நெடுவாலன் கத்திய கத்தல் அவள் காதில் ஏறவில்லை. இலையோடு முட்டைகளும் சேற்றில் அமுங்கின.

"ஐயோ, நாலும் போச்சே! கண்ணு தெரியலையா காரியக்கா?"

"முட்டை என்ன மலையாப்பா, தூரத்திலிருந்தே தெரிய?" என்றாள் காரி. சொன்ன பிறகு அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது.

எருமைகள் வராமல் வேலி போட வேண்டும் என்று குளத்து உயிர்கள் கூடிப் பேசின. முள்ளம்பன்றி மொழுக்கன் முன்னே வந்தான்.

"வேலிதானே? என்கிட்ட விடுங்க! முள்ளைப் பத்தி எனக்குத் தெரியாததா?"

கருவேல முள்ளை இழுத்து வந்து குளத்தைச் சுற்றி அடைத்தான். எருமைகள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போய்விட்டன.

அந்த வருடம் நெடுவாலன் மறுபடி அடைகாத்த நாலு முட்டைகளும் பொரிந்து, குஞ்சுகள் பிழைத்தன. மொழுக்கனைப் பாராட்டாத வாய் இல்லை.

அடுத்த வருடம் கரையோரம் கோரைப்புல் தலை காட்டியது. அதற்கும் அடுத்த வருடம் அது குளத்துக்குள் இறங்கியது. அல்லி இலைகளுக்கு வெயில் படவில்லை. ஒவ்வொன்றாக அழுகின. மழைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, முட்டை வைக்க ஓர் இலைகூட மிச்சமில்லை.

நெடுவாலன் மொழுக்கனிடம் ஓடினான்.

"அதுக்கென்ன, வேலியை இன்னும் ரெண்டு சுற்று கட்டிடுவோம்!"

"கோரை வெளியிலிருந்து வரலைண்ணே. உள்ளேயே முளைக்குது."

"அப்ப உயரமாக் கட்டுவோம்!"

நெடுவாலன் கோரை மூடிய குளத்தைத் திரும்பிப் பார்த்தான். கோரைக் குருத்தை மென்றுகொண்டே எருமைகள் குளத்தைக் கலக்கியது நினைவுக்கு வந்தது. அவை நடந்த இடத்தில்தான் தண்ணீர் திறந்து கிடந்தது. மறுநாள் காலையிலேயே மலையடிவாரத்துக்குப் பறந்தான்.

"காரியக்கா, குளத்துக்கு வாங்க."

"வாசல்ல முள்ளை வெச்சுட்டு விருந்துக்குக் கூப்பிடறியா?"

"தப்புதான். நீங்க இல்லாம குளம் குளமா இல்லை. ஆனா என் முட்டையையும் நான் மறக்கலை."

காரி கொஞ்ச நேரம் அசை போட்டாள். "நானும் மறக்கலைப்பா" என்றாள்.

இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கோடை முழுக்கக் குளம் எருமைகளுக்கு. இலையில் முதல் முட்டை விழுந்ததும் கிழக்குப் பாதி இலைக்கோழிகளுக்கு. குஞ்சுகள் ஓடித் திரியும் வரை நடுவில் முள் இருக்கும். பிறகு எடுத்துவிட வேண்டும்.

"வருஷா வருஷம் கட்டறதும் பிரிக்கறதும்! இதென்ன பிழைப்பு?" என்று மொழுக்கன் முணுமுணுத்தான். ஆனாலும் வேலியைப் பிரித்தான்.

எருமைகள் வந்து கோரையை மேய்ந்து தள்ளின. மழை இறங்கியது. சேற்றுக்குள் உறங்கிய அல்லிக்கிழங்குகள் இலை விட்டன. நெடுவாலன் மறுபடி அடைகாத்தான். நடு முள்ளருகே காரி தானாகவே நின்றாள்.

"எத்தனைப்பா?"

"நாலு!"

"நல்லா இரு!" என்று சொல்லி மேற்குப் பக்கம் திரும்பிவிட்டாள்.

மூன்றுதான் பொரிந்தன. மீதி ஒரு முட்டையைத் தண்ணீர்ப்பாம்பு தின்றுவிட்டது.

"பாம்புக்கு ஒரு வேலி போடட்டுமா?" என்று மொழுக்கன் ஆசையாகக் கேட்டான்.

"வேண்டாம்ணே!" என்றான் நெடுவாலன்.

ஓர் உயிரைக் காக்க நினைப்பவர், அதனோடு கூடி வாழும் மற்ற உயிர்களை வெளியே தள்ளாமல், அவை சேர்ந்து வாழும் வழியைத்தான் தேட வேண்டும்.