குருவையா மெஸ் தணிக்கைக்குத் தயாரான கதை

சாத்தூரில் மில் ரோட்டில் குருவையா மெஸ் என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். கை எதிர்ப்பக்கம் உள்ள தங்கையா அண்ணாச்சி மெஸ்ஸைத்தான் காட்டும், ஏனென்றால் கூட்டம் அங்கேதான் இருக்கும். எங்கள் மெஸ்ஸில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். நான் அங்கே ஸ்டோர் சாவி வைத்திருந்தவன்.

அப்போதுதான் மில்லில் இருந்து ஒரு சேதி வந்தது. தொழிலாளர்களுக்கு மதியச் சாப்பாட்டை வெளியே ஒரு மெஸ்ஸில் இருந்து எடுக்கப் போகிறார்கள். உணவுப் பாதுகாப்புப் பயிற்சி பெற்ற ஆட்கள் இருக்க வேண்டும், மெஸ்ஸுக்குள் முறையாகத் தணிக்கை நடந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். முதலாளி குருவையாவுக்கு இது கிடைத்தால் மெஸ் பிழைக்கும், கிடைக்காவிட்டால் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

மதுரைக்குப் பயிற்சிக்கு மூன்று பேரை அனுப்பினார். சமையல் மாஸ்டர் கோட்டைச்சாமி, காய் நறுக்கும் சன்னாசி, பரிமாறும் துரைக்கண்ணு. நானும் போகிறேன் என்றேன். மூணாம் கிளாஸ் படித்தவனுக்குப் பயிற்சி எதற்கு என்றார் முதலாளி. அந்த மூவரும் அஞ்சாம் கிளாஸ். அங்கே மதியம் கேசரி போட்டார்களாம். எனக்கு ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வர ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. போகட்டும்.

திரும்பி வந்தபோது மூவரும் சான்றிதழைக் கழுத்தில் மாட்டியிருந்தார்கள். மறுநாள் மதியம் மில்லில் இருந்து அதிகாரி அம்மா பார்க்க வருகிறார் என்று முதலாளி சொன்னார். கவலையே வேண்டாம், பயிற்சி கொடுத்த சார் சொன்னதை ஓர் எழுத்து விடாமல் செய்கிறோம் என்றார் மாஸ்டர். செய்தார்கள்.

காலையில் துரைக்கண்ணு கை கழுவினான். கழுவிவிட்டுக் குழாயை மூடினான். அழுக்குக் கையால் திறந்த குழாயாயிற்றே, அதைத் தொட்ட கை சுத்தமா என்று சன்னாசி கேட்டான். நியாயம்தான் என்று மறுபடி திறந்து கழுவினான். மறுபடி மூடினான். மறுபடி கேள்வி வந்தது. கடைசியில் குழாயை மூடுவதே ஆபத்து என்று முடிவு செய்து திறந்தபடி விட்டார்கள். மேல் தொட்டி காலியாகும் வரை மூவர் கையும் சுத்தமாக இருந்தது.

நல்லவேளை, உலைக்கு முன்னாலேயே தண்ணீர் பிடித்திருந்தோம். மாஸ்டர் அரிசியைக் களைந்து போட்டார். சன்னாசி ஓடி வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தான்.

"மாஸ்டர், இப்ப உள்ள கிடக்குறது அரிசியா, சோறா?"

"அரிசி."

"வெந்தப்புறம்?"

"சோறு."

"நடுவுல?"

மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தார். துரைக்கண்ணு பானையை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"நடுவுல பாதி பச்சை, பாதி வெந்தது. ரெண்டும் ஒரே பானையில. அதைத்தானய்யா சார் சேர்த்து வைக்கவே கூடாதுன்னாரு," என்றான்.

இத்தனை வருஷமாக இந்தப் பாவத்தைச் செய்து வந்திருக்கிறோமே என்று மாஸ்டர் தலையில் கை வைத்தார். பிறகு வேகிற பருக்கையை வெந்த உடனே தனித்தனியாக எடுத்துவிடலாம் என்று யோசனை சொன்னார். மூவரும் ஆளுக்கொரு கரண்டியோடு பானையைச் சுற்றி நின்றார்கள். விரல் சுட்டதுதான் மிச்சம். அடுப்பை அணைத்துவிட்டால் எல்லாம் ஒரே நிலையில் நிற்கும் என்று சன்னாசி கண்டுபிடித்தான். அணைத்தார்கள். சாம்பாரையும் அதே காரணத்துக்காக அணைத்தார்கள்.

மீதி இருந்தது தணிக்கை. தன் வேலையைத் தானே தணிக்கை செய்யக் கூடாது என்பது சார் சொன்ன விதி. நறுக்கியது சன்னாசி, சமைப்பது மாஸ்டர், பரிமாறுவது துரைக்கண்ணு. அப்படியானால் அந்தச் சாப்பாட்டில் மூவர் கையும் உண்டு. என்னிடம் வந்தார்கள். பருப்பை அளந்து கொடுத்தது நான் என்று சொன்னதும் என்னையும் தள்ளிவிட்டார்கள்.

"நம்ம மெஸ்ஸோட ஒட்டு உறவே இல்லாத ஆளா இருக்கணும்," என்றார் மாஸ்டர். "நம்ம மேல துளி பிரியம் இருக்கக் கூடாது."

அப்படிப்பட்ட ஆள் ஊரிலேயே ஒருவர்தான். தங்கையா அண்ணாச்சியை ரோட்டைத் தாண்டிப் போய் அழைத்து வந்தார்கள்.

அண்ணாச்சி நிதானமாகச் சுற்றிப் பார்த்தார். தண்ணீர் இல்லை, அடுப்பு எரியவில்லை, சோறு இல்லை, மெஸ் தேறாது என்றார். எவ்வளவு நேர்மை என்று மூவரும் அசந்துபோனார்கள். பதிலுக்கு என் மெஸ்ஸையும் நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள், உங்களுக்கும் அதில் சம்பந்தம் இல்லையே என்றார் அண்ணாச்சி. போனார்கள், பார்த்தார்கள், ஒரு குறையும் இல்லை என்று எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

மதியம் அதிகாரி அம்மா வந்தார். முதலாளி வேட்டியைத் தழையவிட்டு வாசலில் நின்றார். தணிக்கை முடிந்ததா என்று அந்த அம்மா கேட்டார்.

"முடிஞ்சிருச்சுங்கம்மா. எங்க மெஸ் தேறலை. எதிர் மெஸ் தேறிருச்சு," என்றார் மாஸ்டர்.

அந்த அம்மா பேனாவை மூடினார். பிறகு ரோட்டைத் தாண்டிப் போனார். சாயங்காலத்துக்குள் மில் சாப்பாடு அண்ணாச்சிக்கு என்று முடிவாகிவிட்டது.

முதலாளி முக்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாஸ்டர் பக்கத்தில் போய், வருத்தப்படாதீங்க முதலாளி, நம்ம ஆளுங்க தணிக்கை பண்ணின முதல் மெஸ்ஸே பாஸாகியிருக்கு என்றார்.

மறுநாள் எங்கள் மெஸ்ஸில் நாங்கள் யாருமே சாப்பிட உட்காரவில்லை. தேறாத இடத்தில் சாப்பிடலாமா என்று மாஸ்டர் தடுத்துவிட்டார். முதலாளியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு எல்லோரும் அண்ணாச்சி மெஸ்ஸுக்குப் போனோம். இலை போட்டார்கள். துரைக்கண்ணு பழக்கதோஷத்தில் எழுந்து சாம்பார் வாளியைத் தூக்கினான்.

"வைடா கீழ," என்றான் சன்னாசி. "உன் கை தேறாத மெஸ்ஸோட கை."

துரைக்கண்ணு வாளியை வைத்தான். பிறகு சன்னாசி தன் கையைப் பார்த்தான். மாஸ்டர் தன் கையைப் பார்த்தார். மூவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆறுகிற சோற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

தங்கையா அண்ணாச்சிக்கு மனசு கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்து ஒவ்வொருவருக்கும் ஊட்டிவிட ஆரம்பித்தார். சான்றிதழ் இல்லாத நான் என் கையாலேயே சாப்பிட்டேன். சாம்பார் நன்றாகத்தான் இருந்தது.

நிமிர்ந்து பார்க்கும்போது வரிசையில் நாலாவதாக எங்கள் முதலாளி வாயைத் திறந்துகொண்டிருந்தார்.