மேய்ப்பன் காட்ட வேண்டிய காது

நல்ல அரசர்களும் இருந்தார்கள் என்கிறார்கள். இருந்திருக்கலாம். இந்தக் கதையில் வருபவன் செண்பகவேள். பட்டப்பெயர் என்றால் அவனுக்குப் பாயசம் மாதிரி.

சிங்கம், சூரியன் எல்லாம் சூடித் தீர்ந்த பிறகு, மந்திரி கீர்த்திவாசன் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தான். "குடிகளின் மேய்ப்பன்."

அரசனுக்கு உச்சி குளிர்ந்தது. "நாளைச் சபையில் இதற்குப் பொருள் சொல்வது யார்?"

"நம் விகடகவி மருதையன்தான்" என்றான் மந்திரி. மருதையனுக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு சொல் பிசகினால் தலை போய்விடும். மந்திரி ஆசைப்பட்டதும் அதற்குத்தான்.

அன்று மாலை மருதையன் வீட்டு வாசலில் குருவம்மாள் வந்து நின்றாள். அவள் புருஷன் சுடலைமுத்து, "ஏரித் தண்ணீர் அரண்மனைத் தோட்டத்துக்கு மட்டும் ஏன் போகிறது?" என்று சபையில் கேட்டவன். கேட்ட அன்றே காவலர் இழுத்துப் போனார்கள். உயிரோடு இருக்கிறானா என்றுகூட யாரும் சொல்லவில்லை.

"நாளைக்குச் சபைக்கு வா, தாயி. நான் பேசி முடித்ததும் என்ன கேட்பதென்று உனக்கே தெரியும்" என்றான் மருதையன்.

மறுநாள் அரசன் தோளில் கம்பளி, கையில் வெள்ளிப்பூண் கோல் சகிதம் வந்து அமர்ந்தான்.

மருதையன் கேட்டான். "அரசே, பட்டம் மட்டுமா, அந்தத் தொழிலின் வழக்கமும் சேர்த்தா?"

"எல்லாம் சேர்த்துத்தான். அரைகுறையாக நான் எதையும் சூடுவதில்லை."

"மந்தை குடிக்காமல் தான் தண்ணீர் குடிக்காதவன் மேய்ப்பன்."

அரசன் தலையசைத்தான்.

"பட்டிக்கு வெளியே பனியில் படுப்பவன் மேய்ப்பன்."

அரசன் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

"ஆடு அவனுடையதல்ல, ஊராருடையது. ஒன்று குறைந்தால் உடையவருக்குப் பதில் சொல்ல வேண்டும். செத்துப்போனது என்றால் அதன் காதைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். காது இல்லையென்றால், பொழுது சாய்வதற்குள் ஆட்டை உயிரோடு ஒப்படைக்க வேண்டும்."

"நேர்மையான வழக்கம். ஏற்றுக்கொண்டேன்" என்றான் அரசன், சபை முழுக்கக் கேட்க.

கூட்டத்தில் குருவம்மாள் எழுந்தாள். "மகாராசா, எங்க வீட்டுல ஒண்ணு குறையுது. பேரு சுடலைமுத்து. காதைக் காட்டுங்க. இல்லேன்னா ஆளை விடுங்க."

மந்திரி பாய்ந்தான். "மேய்ப்பனை ஆடு கேள்வி கேட்பதா?"

"ஆடு எங்கே கேட்டது, மந்திரியாரே? உடையவள் கேட்கிறாள்" என்றான் மருதையன்.

அரசன் கோலைப் பார்த்தான். காதைக் காட்டினால் கொன்றவன் ஆவான். கோலைக் கீழே போட்டால் பட்டம் போகும். அதனால் சிரித்தான். வேறு வழியில்லாத அரசர்கள் சிரிப்பார்கள். அதைப் பெருந்தன்மை என்று புலவர்கள் எழுதி வைப்பார்கள்.

பொழுது சாய்வதற்குள் சுடலைமுத்து வந்து சேர்ந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான். குருவம்மாள் முதலில் அவன் காதுகளைத்தான் தொட்டுப் பார்த்தாள்.

"கெட்டிக்காரர் ஐயா நீர்" என்றான் அரசன். "என்ன பரிசு வேண்டும்?"

மருதையன் கைகூப்பினான். "என் காது இரண்டும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், அரசே. அது போதும்."